இடஞ்சுழியா, வலஞ்சுழியா?

சண்டை ஒரு பித்தளை வளையத்தைப் பற்றியது. எனக்கும் ஒரு போலந்துக்காரனுக்கும் நடந்த சண்டை. நாங்கள் இருவரும் ஒரே மேசையில், ஒரே லேசரை வைத்துக்கொண்டு, ஒரே பேராசிரியரிடம் ஆய்வுப் பட்டத்துக்கு வேலை செய்தோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், நிலத்துக்குக் கீழே ஓர் அறை, ஜன்னல் கிடையாது. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஊரின் குளிர் பெரிதாகப் படவில்லை. ஜன்னல் இல்லாததுதான் முதல் வருடம் முழுக்க என்னை வருத்தியது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது எக்சைட்டான்களை. குறைகடத்திப் படிகம் ஒன்றுக்குள் மிக மெல்லிய ஒரு படலம் இருக்கும். மேலும் கீழும் வேறு பொருளின் சுவர். உள்ளே விழுந்த எலக்ட்ரான் ஏறி வெளியே வர முடியாது என்பதால் அதற்குக் குவாண்டம் கிணறு என்று பெயர். அதன்மேல் லேசரைப் பாய்ச்சினால் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழும்பும். அது விட்டுப்போன வெற்றிடத்தைத் துளை என்கிறோம். எழும்பிய எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு ஜோடியாகத் திரியும். அந்த ஜோடிதான் எக்சைட்டான். கண் இமைக்கும் நேரத்தைக் கோடிக்கணக்கான துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுதான் அதன் ஆயுள். முடியும்போது ஒரு துளி ஒளியை விட்டுவிட்டுப் போகும்.

அந்த ஒளி சுழன்றுகொண்டு வரும். ஜோடியின் ஸ்பின், அதாவது தற்சுழற்சி, ஒரு திசையில் இருந்தால் வலஞ்சுழியாக வரும், எதிர்த் திசையில் இருந்தால் இடஞ்சுழியாக வரும். நம்மை நோக்கி வரும் ஒளியைப் பார்த்து நின்றால் கடிகார முள்ளோடு சுற்றுவது வலஞ்சுழி, முள்ளுக்கு எதிராகச் சுற்றுவது இடஞ்சுழி. படிகத்தைக் காந்தத்துக்குள் வைத்தால் இரண்டு ஸ்பினுக்கும் ஆற்றல் சமமாக இருக்காது. ஒற்றைக் கோடாகத் தெரிந்த ஒளி இரண்டு கோடாகப் பிரியும், ஒன்று சற்று மேலே, ஒன்று சற்றுக் கீழே. கீழே இருப்பது இடஞ்சுழியா, வலஞ்சுழியா? என் கேள்வி இவ்வளவுதான்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்தப் பித்தளை வளையம். அதற்குள் ஒளியை வடிகட்டும் தகடு இருந்தது. வளையத்தை ஒரு பக்கம் திருப்பினால் ஒரு சுழியை மட்டும் உள்ளே விடும், மறுபக்கம் திருப்பினால் மற்றதை. விளிம்பில் ஒரு சிவப்புப் புள்ளியும் ஒரு நீலப் புள்ளியும் இருந்தன. எந்தப் புள்ளிக்கு எந்தச் சுழி என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. எங்களுக்கு முன்னே அங்கே இருந்தவர் விட்டுப்போன குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் சிவப்பு வலது என்று இருந்தது, பத்துப் பக்கம் தள்ளி சிவப்பு இடது என்று இருந்தது. அவரையும் குறை சொல்ல முடியாது. ஒளி வரும் பக்கம் பார்த்து வலது இடது சொல்லும் புத்தகங்களும் உண்டு, ஒளி போகும் பக்கம் பார்த்துச் சொல்லும் புத்தகங்களும் உண்டு. புதிதாக ஒரு தகடு வாங்கினோம். அதோடு வந்த சான்றிதழிலும் 'வலது' என்று மட்டும் போட்டிருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தால் வலது என்று போடவில்லை.

நீலப் புள்ளிக்குத் திருப்பியபோது தெரிந்த கோடுதான் கீழே இருந்தது. அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. நான் நீலம் இடஞ்சுழி என்றேன். என் கணக்கும் இடஞ்சுழிக் கோடுதான் கீழே இருக்கும் என்று சொன்னது. போலந்துக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை.

"கணக்குக்குப் பொருந்துகிறது என்பதற்காகப் புள்ளிக்குப் பெயர் வைக்கிறாய்," என்றான்.

"நீ எதை வைத்து நீலம் வலஞ்சுழி என்கிறாய்?"

"தகடு மாட்டியிருக்கும் விதத்தை வைத்து."

"தகட்டைக் கழற்றித் திருப்பி மாட்டியவனே நீதான்!"

காந்தத்தின் வடக்கு எது என்பதைத் திசைகாட்டி வைத்துத் தெரிந்துகொண்டோம். ஒளிக்கு அப்படி ஒரு திசைகாட்டி எங்களிடம் இல்லை. இரண்டு மாதம் இப்படியே போனது. பேராசிரியர் எங்கள் கட்டுரையைக் கையால் தள்ளி வைத்துவிட்டு, "உங்களில் யாராவது ஒருவர் நிரூபியுங்கள், பிறகு எழுதலாம்," என்றார். அந்தக் கோபத்தோடுதான் சித்திரைப் புதுவருடத்துக்கு ஊருக்கு வந்தேன்.

ஊரில் அக்கா இருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு ஊர் என்றால் அக்கா வீடுதான். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி முக்கால் மணி நேரம் ஏறினால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் அவள் கட்டிக்கொண்ட இரண்டு அறை வீடு. அத்தான் கொழும்பில் வேலை. மாதம் ஒரு தடவை வருவார். அக்கா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். எனக்காகப் படிப்பை விட்டாள் என்று யாராவது உருகினால் அவளுக்குப் பிடிக்காது. "கணக்குப் பாடம் ஒத்து வரல, விட்டுட்டேன். இவ என்னா பண்ணுவா?" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அந்த முறை ஹட்டனில் ஒரு டியூஷன் வகுப்பில் பௌதிகம் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று, முப்பரிமாணப் படம் பார்க்கத் தியேட்டரில் கொடுக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி இரண்டு கொண்டுவந்திருந்தேன். அதன் ஒரு பக்கக் கண்ணாடி இடஞ்சுழி ஒளியை மட்டும் விடும், மற்றது வலஞ்சுழியை மட்டும் விடும். அதனால்தான் தியேட்டரில் இரண்டு கண்ணுக்கும் இரண்டு வெவ்வேறு படம் போய்ச் சேருகிறது.

வந்த அன்று சாயங்காலம் அக்கா அதில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு அலுமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். நான் படுக்கையில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு கண்ண மூடிப் பாரு," என்றேன்.

மூடினாள்.

"என்னாடி இது? தொறந்திருக்கிற கண்ணு கறுப்பா இருக்கு. மூடுன கண்ணு நல்லா தெரியுது!"

"மத்த கண்ண மூடு."

"இப்ப இது கறுப்பு!" திரும்பி என்னைப் பார்த்தாள். "சூனியமா?"

சிரித்துக்கொண்டே விளக்கினேன். உன் முகத்திலிருந்து ஒளி அந்தக் கண்ணாடி வழியாக வெளியே போகும்போது ஒரு பக்கமாகச் சுழன்றுகொண்டு போகிறது. அலுமாரிக் கண்ணாடியில் பட்டதும் சுழி மாறிவிடுகிறது. மாறித் திரும்பி வருவதை அதே கண்ணாடி உள்ளே விடமாட்டேன் என்கிறது. அதனால் கறுப்பாகத் தெரிகிறது.

அக்கா கேட்டுக்கொண்டாள். அவள் ஒன்றை விளங்கிக்கொள்ளும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்வாள்.

"அப்ப இதுல எந்தப் பக்கம் வலம் சுத்துது, எந்தப் பக்கம் எடம் சுத்துது?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஐயாயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்த அதே கேள்வி. வளையத்தின் கதையையும் போலந்துக்காரனின் கதையையும் முழுக்கச் சொன்னேன்.

"ரெண்டு மாசமாவா?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு பேரும் படிச்சவங்க."

"ம்."

"இந்தக் கண்ணாடி விக்கிறவன்கிட்ட கேக்கலாமே?"

"அவனும் வலது இடதுன்னுதான் எழுதியிருப்பான். யாருக்கு வலதுன்னு எழுதமாட்டான்."

"சாமிய வலம் வர்றதுல எவனுக்காவது சந்தேகம் வருதா? கோயில் நடுவுல இருக்கு, கை எந்தப் பக்கம்னு தெரியுது. ஒங்களுக்கு நடுவுல ஒண்ணும் இல்ல. அதான் சண்ட," என்றாள். அதுதான் பிரச்சினை. எங்களுக்கு ஒரு கோயில் வேண்டியிருந்தது. யார் எங்கே நின்று பார்த்தாலும் மாறாமல் ஒரே சுழியில் ஒளியைத் தரும் பொருள் ஒன்று.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது அக்கா அந்தக் கண்ணாடியைத் தலைத்துணிக்கு மேலே செருகிக்கொண்டு போனாள். "வெயிலுக்கு நல்லாயிருக்கும்," என்றாள். சித்திரையில் காலை வெயில் கண்ணைக் கூச வைக்கும், மூன்று மணிக்கு மேல் மழை இறங்கும்.

பத்து மணிக்குப் போத்தலில் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு நானும் மலைக்கு ஏறினேன். எங்கள் பக்கம் ஒவ்வொரு தேயிலைத் துண்டையும் மலை என்றுதான் சொல்வோம். அன்று எட்டாம் நம்பர் மலையில் பறித்தார்கள். பாதி ஏறும்போதே அக்காவின் குரல் கேட்டது.

"இங்க வா! வேகமா வாடி! பறந்துரப் போவுது!"

பாம்பு என்று நினைத்துவிட்டேன். போத்தல் இடுப்பில் இடிக்க, தேயிலைக்குள் புகுந்து ஓடினேன். வாய்க்கால் ஓரத்தில் ஒரு கொய்யாச் செடி. அதன் பக்கத்தில் அக்கா கூடையோடு அசையாமல் நின்றாள். கண்ணாடி மூக்கில் இருந்தது. ஒரு கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

"காலையிலருந்து எல்லாத்தையும் கண்ண மாத்தி மாத்தி மூடிப் பாத்துக்கிட்டே வர்றேன்," என்றாள், மூச்சு வாங்க. "கொழுந்து ரெண்டு கண்ணுக்கும் ஒரே மாதிரி. வாய்க்கா தண்ணியும் ஒரே மாதிரி. கங்காணி சட்ட, என் வளையல், எல்லாம் ஒரே மாதிரி. இத மட்டும் பாரு."

கொய்யா இலைமேல் ஒரு பச்சை வண்டு உட்கார்ந்திருந்தது. நகத்தளவு. வெயிலில் உலோகம் போல மின்னியது. சின்ன வயதில் தீப்பெட்டிக்குள் அடைத்து வைப்போம், பொன்வண்டு என்போம். புத்தகங்களில் பொன்வண்டு என்று போட்டிருப்பது வேறு ஜாதி.

கண்ணாடியை வாங்கி மாட்டினேன். வலது கண்ணை மூடினேன். வண்டு பச்சையாக மின்னியது. இடது கண்ணை மூடினேன்.

வண்டு அணைந்துவிட்டது.

வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இலை அப்படியே இருந்தது, காம்பு அப்படியே இருந்தது, வண்டு மட்டும் கரிக்கட்டையாகிவிட்டது. கண்ணை மாற்றினேன், மின்னியது. மாற்றினேன், கறுத்தது. நிழலாக இருக்கும் என்று செடியின் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். இலையை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதே கண்ணில்தான் கறுப்பு.

முதல் வருடம் படித்த ஒளியியல் புத்தகத்தில், ஒரு பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. சில வண்டுகளின் ஓடு மெல்லிய அடுக்குகளால் ஆனது, ஒவ்வோர் அடுக்கும் முந்தியதைவிடச் சற்றுத் திரும்பி, சுழற்படிக்கட்டுப் போல ஏறும், அதனால் அவை ஒரு சுழி ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பும் என்று. அப்படிப்பட்ட வண்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பக்கம்தான்: இடஞ்சுழி. பரீட்சைக்கு வராது என்று அந்தக் குறிப்பைத் தாண்டிப் போனவள் நான்.

"அக்கா! அக்கா! இதான்! இதான் கோயில்!"

"என்னா கோயில்?"

"நீ நேத்து சொன்ன கோயில்! இந்த வண்டு எடம்தான் சுத்தும்! எப்பயும் எடம்தான்! அப்ப எந்தக் கண்ணுல இது கறுப்பாகுதோ, அந்தப் பக்கக் கண்ணாடி வலஞ்சுழிக் கண்ணாடி!"

நான் குதித்ததில் வண்டு பறந்துவிட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுக் கங்காணி மேலேயிருந்து இறங்கி வந்தார். அப்பாவோடு வேலை செய்தவர். "என்னா அங்க? பறிக்கிற நெறைய விட்டுட்டு ரெண்டு பேரும் என்னா ஆட்டம்?"

"வண்டு பாக்குறோம்ங்க," என்றாள் அக்கா.

"வண்டா?"

"வெளிநாட்டுல ரெண்டு மாசமா தேடுனதுங்க. நம்ம எட்டாம் நம்பர்ல கெடக்கு."

கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் படித்துப் பைத்தியமாகிவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் பக்கத்து நிறையில், அடுத்த தேயிலை வரிசையில், பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இந்தா, இங்க ஒண்ணு இருக்கு!" என்று கத்தினாள். எல்லோரும் அங்கே போனோம். தேத்தண்ணி நேரம்தானே என்று கங்காணியும் வந்தார்.

அது இன்னும் பெரிய வண்டு. கண்ணாடி கை மாறியது. பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சத்தம் போட்டார்கள். "ஐயோ", "அட", "எங்க போச்சு?" கங்காணி கண்ணாடியை மாட்டி, கண்ணை மாற்றி மாற்றி மூடி, கழற்றி, இன்னொரு தடவை மாட்டிப் பார்த்தார். "நாப்பது வருசம் இந்த மலையில நடக்கிறேன்," என்றார்.

அந்தப் பெரிய வண்டைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. "ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கு. நீங்க எல்லாம் சேந்து என்னை ஏமாத்துறீங்க," என்றாள். எனக்குத் திக்கென்றது. எல்லோரும் எதையோ கற்பனை செய்துகொள்கிறோமா? பிறகுதான் கவனித்தேன். தலைத்துணிமேல் மாட்ட முடியாமல் கண்ணாடியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கம் வெளியே இருந்தது.

"திருப்பிப் பிடிங்க அக்கா."

திருப்பினாள். "ஆத்தாடி!"

அந்த ஆத்தாடி எனக்கு ஆயிரம் கட்டுரைக்குச் சமம். இந்தக் கண்ணாடியில் ஒளி முதலில் வெளிப்பக்கத்தில் நுழைந்தால்தான் சுழி பிரியும். திருப்பிப் பிடித்தால் சுழியைப் பிரிக்கும் சக்தி அதற்கு இல்லை. ஆக வண்டு அணைந்தது வெறும் பளபளப்பால் அல்ல, சுழியால்தான். எனக்குத் தோன்றாத சோதனை ஒன்றை அவள் தெரியாமலே செய்து கொடுத்துவிட்டாள்.

அன்று கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் ஆளாளுக்கு வண்டு பிடித்துவிட்டார்கள். நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், கொழுந்துச் சாக்குகளுக்குப் பக்கத்தில், அக்காவின் சோற்றுப் பெட்டிக்குள் ஏழு வண்டு. என்னிடம் இருந்த இரண்டாவது கண்ணாடியையும் எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஆறு வண்டு அதே கண்ணில் கறுத்தன. ஏழாவது எந்தக் கண்ணிலும் கறுக்கவில்லை.

"இது மட்டும் ஏன்?" என்றாள் அக்கா.

"இதோட பளபளப்பு வேற வகை. இதுல சுத்துற படிக்கட்டு இல்ல."

"வலம் சுத்துற வண்டு ஒண்ணுமே இல்லையா?"

"இதுல இல்ல. ஒலகத்துலயே ரொம்ப அபூர்வம்னு போட்டிருந்துச்சு."

"அப்ப ஒரு வண்டு வலம் சுத்தியிருந்தா?"

நான் அவளைப் பார்த்தேன். பேராசிரியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "அதுக்குத்தான் ஆறையும் பாத்தேன்," என்றேன். "வேற வேற சைசு, வேற வேற எடத்துல புடிச்சது. எல்லாம் ஒரே கண்ணுலதான்."

பெட்டியைத் திறந்துவிட்டோம். பறக்காமல் கொஞ்ச நேரம் மூடியிலேயே நடந்துவிட்டு, ஒவ்வொன்றாக எழும்பிப் போயின. ஒரு வண்டைக் கொண்டுபோக எனக்கு ஆசைதான். உயிருள்ளது எதையும் அனுமதி இல்லாமல் விமானத்தில் கொண்டுபோக முடியாது. தேவையும் இல்லை. எந்தப் பக்கம் எந்தச் சுழி என்று இப்போது கண்ணாடிக்கே தெரியும். அது மறக்காமல் இருக்க அடையாளம் வைக்க வேண்டும் என்றேன். அக்கா தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, வண்டு கறுத்த பக்கத்துக் காம்பில் அழுத்தி ஒட்டினாள். இரண்டாவது கண்ணாடிக்கு வீட்டுக்குப் போய்ப் புது அட்டையிலிருந்து ஒன்று ஒட்டினாள்.

அன்றைக்கே போலந்துக்காரனுக்குப் போன் பண்ணினேன். முற்றத்தில் நின்றால் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

"வண்டு," என்றான் அவன்.

"வண்டு."

"நம் கட்டுரையில் வண்டு என்று எழுதப் போகிறாயா?"

"அடிக்குறிப்பில்."

அவன் குரல் மாறியது. "இடஞ்சுழிதான் என்பது உறுதியா? ஒளி வரும் பக்கம் பார்த்து?"

"வரும் பக்கம் பார்த்து. அந்த ஒளியியல் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது, போனில் தேடிச் சரிபார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்."

"எப்போது வருகிறாய்?" என்றான். "நான் வளையத்தைத் தொடமாட்டேன். நீ வரும்வரை அந்த அறைக்குள்ளேயே போகமாட்டேன்."

மீதி எட்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுவருடப் பலகாரம் சாப்பிட்டேன், ஹட்டனுக்குப் போய் டியூஷன் வகுப்பில் பேசினேன், அத்தான் வந்தபோது அவருக்கும் கண்ணாடியைக் காட்டினேன். ஆனால் மனம் முழுக்க அந்த ஜன்னல் இல்லாத அறையில் இருந்தது. அந்த அறைக்குப் போக ஆசைப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பையைச் சோதித்த பெண் பொட்டு வைத்த கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, "மே மொகத, நங்கி?" என்றாள். இது என்ன, தங்கச்சி என்று. படம் பார்க்க என்று சிங்களத்தில் சொன்னேன். பொட்டு எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் விமானத்தைத் தவறவிட்டிருப்பேன்.

போய் இறங்கிய மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வளையத்தின் முன்னால் நின்றோம். நான், போலந்துக்காரன், கோப்பிக் கோப்பையோடு பேராசிரியர். சின்னச் சிவப்பு லேசர் ஒன்றை வளையத்தின் பின்பக்கத்திலிருந்து அனுப்புவது என்று முடிவு செய்திருந்தோம். வளையம் எந்தச் சுழியை உள்ளே விடுகிறதோ அதே சுழியைத்தான் பின்பக்கமிருந்து அனுப்பும்போது வெளியேயும் தரும். வெளியே வரும் கதிரின் வழியில் பொட்டுப் பக்கக் கண்ணாடியை வைத்து, அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதம். அந்தப் பக்கம் வண்டை அணைத்த பக்கம். இடஞ்சுழி வந்தால் காகிதத்தில் புள்ளி மங்கும்.

வளையத்தை நீலத்துக்குத் திருப்பினேன். இடஞ்சுழி என்று நான் இரண்டு மாதமாகச் சண்டை போட்ட நீலம். காகிதத்தில் புள்ளி பளிச்சென்று எரிந்தது.

"சிவப்புக்குத் திருப்பு," என்றார் பேராசிரியர்.

சிவப்புக்குத் திருப்பினேன். புள்ளி மங்கிப் போனது. இரண்டாவது கண்ணாடியை வைத்தோம். அதே முடிவு. மற்றப் பக்கக் கண்ணாடியை வைத்தோம். அப்படியே தலைகீழ், நீலத்தில் மங்கியது, சிவப்பில் எரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. சிவப்புத்தான் இடஞ்சுழி. நீலம் வலஞ்சுழி. போலந்துக்காரன் சொன்னதுதான் சரி.

அவன் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினான். தோளில் தட்டலாமா வேண்டாமா என்று அவன் கை பாதியில் நின்றது. நான் அழப்போகிறேன் என்று நினைத்திருப்பான். நானோ மனதுக்குள் கணக்கை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தேன். நீலம் வலஞ்சுழி என்றால் கீழே இருக்கும் கோடு வலஞ்சுழிக் கோடு. என் கணக்குச் சொன்னதற்கு நேர் எதிர். அப்படியென்றால் எக்சைட்டான் நான் நினைத்தபடி நடக்கவில்லை. காந்தத்துக்குள் அது வேறு எதையோ செய்துகொண்டிருக்கிறது, இரண்டு மாதமாக எங்கள் கண் முன்னாலேயே. புள்ளிக்குத் தப்பான பெயர் வைத்து அதை நான் மூடி வைத்திருந்தேன்.

"துளை," என்றேன்.

"என்ன?" என்றான் அவன்.

"நான் எலக்ட்ரானின் ஸ்பினைத்தான் ஒழுங்காகக் கணக்கிட்டேன். துளையை ஒரே வகையாக வைத்துவிட்டேன். கனத்த துளை மட்டும். காந்தத்துக்குள் கனத்த துளையும் இலேசான துளையும் ஒன்றோடொன்று கலக்கும். நம் கிணற்றின் அகலத்துக்கு அந்தக் கலப்பு மொத்தத்தையும் மறுபக்கம் புரட்டிவிடலாம்!"

பேராசிரியர் கோப்பையை மேசைமேல் வைத்தார். லேசர் மேசைமேல் கோப்பி வைக்கக் கூடாது என்று எங்களைத் திட்டுபவர் அவர்தான். "எவ்வளவு கலப்பு?" என்றார்.

"தெரியாது. போட்டுப் பார்க்க வேண்டும்."

"போடு."

ஆனால் முதலில் வெளியே ஓடி, படியேறி, சிக்னல் வரும் இடத்தில் நின்று அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவளுக்குப் பகல் இரண்டு மணி இருக்கும், கொழுந்து நிறுத்துவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, நான் தோத்துட்டேன்!"

"யாருகிட்ட?"

"போலந்துக்காரன்கிட்ட! அவன் சொன்னதுதான் சரி. என் கணக்கு தப்பு!"

"அப்ப ஏன்டி சிரிக்கிற?"

விளக்கினேன். துளைகளில் இரண்டு வகை உண்டு, ஒன்றை நான் விட்டுவிட்டேன், அதைச் சேர்த்தால் எக்சைட்டான் ஏன் தலைகீழாக நடக்கிறது என்று தெரிந்துவிடும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ. நடுவில் குறுக்கிட்டாள்.

"அப்ப வண்டு பொய் சொல்லல."

"வண்டு பொய் சொல்லல."

"கங்காணிகிட்ட சொல்றேன். தெனமும் கேக்குறாரு, அந்த வண்டு சமாச்சாரம் என்னாச்சுன்னு. நீ தப்பா சொன்னதையும் சேத்துச் சொல்லட்டா?"

"சொல்லு."

"சரி, போய் வேலையப் பாரு. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். போலந்துக்காரன் வெள்ளைப் பலகையை முழுக்க அழித்துவிட்டு, நடுவில் ஒரு கோடு போட்டு, இடது பக்கம் கனத்த துளை, வலது பக்கம் இலேசான துளை என்று எழுதி வைத்திருந்தான். சமன்பாட்டில் இரண்டையும் இணைக்கும் உறுப்பு என்னவாக இருக்கும் என்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. மார்க்கரின் மூடியைக் கழற்றிக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.